அண்ணன் ‘பிரேக்’ சொல்லாத சுற்று

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் சாந்தமானவர், யாரையும் கடிந்து பேசாதவர் என்று இந்த நினைவு மலரில் எழுதும்படி உறவினர்கள் சொன்னார்கள். எழுதமாட்டேன். அண்ணனுக்குக் கோபம் வரும், வர வேண்டிய இடத்தில் வரும். இந்த ஓராண்டாக அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செய்யூர் பக்கம் சவுக்குத் தோப்புகளில் கூலிக்கு மரம் வெட்டிய பெற்றோருக்குத் தலைமகனாகப் பிறந்தார். அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பதினாறு வயது. கட்டை சுமந்து என்னைப் படிக்க வைத்தார். பிறகு படூரில் ஒரு கல்லூரிப் பேருந்துக்கு ஓட்டுநரானார். என் கல்யாணம் முடியும்வரை தன் கல்யாணப் பேச்சை எடுக்கவிடவில்லை. அந்த உழைப்புக்கு நடுவிலும் மதுராந்தகத்துக்கு பஸ் ஏறிப்போய்க் குத்துச்சண்டை கற்றார்.

அண்ணனுக்கு உயரம் குறைவு, கையும் குட்டை. எட்ட நின்று அடிப்பவனை அவரால் தொடவே முடியாது. அதனால் வாங்குகிற அடியை வாங்கிக்கொண்டு உள்ளே புகுந்துவிடுவார். நெற்றியை எதிராளியின் தோளில் முட்டுக்கொடுத்து, விலாவிலும் வயிற்றிலும் குட்டைக் குத்துகளாக இறக்குவார். பார்ப்பவர்களுக்கு இருவரும் கட்டிக்கொண்டு நிற்பதுபோலத்தான் இருக்கும். வாங்கியவனைக் கேட்டால் தெரியும்.

இப்போதெல்லாம் அந்த ஆட்டத்தை ஆடவிடுவதே இல்லை. ஒருவர் உள்ளே வந்ததும் மற்றவர் கையைப் பிடித்துத் தொங்குகிறார். நடுவர் உடனே ‘பிரேக்’ என்கிறார். இருவரும் ஓரடி பின்னால் போக வேண்டும். அத்தனை அடி பட்டு உள்ளே வந்தவர் மறுபடியும் முதலிலிருந்து வரவேண்டும். பிடித்தவருக்கு லாபம், வந்தவருக்குத் தண்டனை. பயிற்சியாளர்களும் இதையே சொல்லித்தருகிறார்கள்: எட்ட நின்று தொடு, கிட்டே வந்தால் பிடி, மிச்சத்தை நடுவர் பார்த்துக்கொள்வார். இதற்குப் பெயர் நவீன ஆட்டமாம். வெட்கமாக இல்லையா?

அண்ணன் பின்னாளில் நடுவரானார். மதுராந்தகத்தில் நடந்த ஒரு பெண்கள் போட்டியில், கடைசிச் சுற்றில், செய்யூர்ப் பக்கத்துக் குட்டைப் பெண் ஒருத்தி உள்ளே புகுந்தாள். உயரமான பெண் அவளுடைய இடக்கையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். குட்டைப் பெண்ணின் வலக்கை சும்மா இருக்கவில்லை, விலாவில் குத்திக்கொண்டே இருந்தது. அண்ணன் ‘பிரேக்’ சொல்லவில்லை. சுற்று முடிந்தது, குட்டைப் பெண் ஜெயித்தாள்.

போட்டியை நடத்திய குத்துச்சண்டைச் சங்கத்துப் பொறுப்பாளர் எல்லோர் முன்னாலும் கத்தினார். “இன்னாய்யா நீ, ரெண்டும் ஒட்டிகினு நிக்குது, வேடிக்க பாத்துகினு கீற? உங்க ஊருப் பொண்ணுன்னு வுட்டுட்டியா?”

“ஒரு கை வேல செஞ்சிகினு கீது சார். வேல செய்ற கைய இன்னாத்துக்கு நிறுத்தணும்?” என்றார் அண்ணன்.

அந்தப் பெண் யார் வீட்டுப் பிள்ளை என்றுகூட அண்ணனுக்குத் தெரியாது. சங்கம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டது. நான் அலுவலகத்தில் நாள் முழுக்க மனு தட்டச்சு செய்கிறவள். மேலிடத்துக்கு எழுதினால் முதலில் பணிந்துவிட வேண்டும், அப்புறம்தான் விஷயம். எங்கள் வழக்கம் அது, யாரும் அதை வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொள்வதில்லை. ‘தவறுதலாக நிகழ்ந்துவிட்டது, இனி நிகழாது, மன்னித்தருள வேண்டுகிறேன்’ என்று அண்ணன் பெயரில் தட்டச்சு செய்து கொண்டுபோனேன்.

அண்ணன் படித்துவிட்டு, “இன்னா பாப்பா, நான் தப்பே பண்ணலியே” என்றார்.

“அது சும்மா சம்பிரதாயம்ண்ணா. கையெழுத்து போடு. பேஜாரு வேணாம்.”

போட்டார். என்மேல் அத்தனை நம்பிக்கை. சங்கம் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு நடுவர் பட்டியலிலிருந்து பெயரை அடித்தது. கடிதத்தின் நகல் கைக்குக் கை போயிற்று. சொந்த ஊர்ப் பெண்ணுக்காக வளைந்தவர் என்ற பேச்சு செங்கல்பட்டு வரை பரவியது. அதற்குப் பிறகு ஒரு போட்டிக்கும் அண்ணனை அழைக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அவர். திட்டியிருந்தால் தேவலை.

சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்த கடைசி மாதங்களிலும், “சங்கத்துலருந்து போன் வந்துதா?” என்றுதான் கேட்டார். வரவில்லை. ஆனால் அவர் போனதும் ஆளுயர மாலையோடு வந்தார்கள். ‘நேர்மையின் சிகரம்’ என்று ஒருவர் மைக்கில் பேசினார். நேர்மையானவரை ஏன் நீக்கினீர்கள் என்று அன்று நான் கேட்கவில்லை. இன்று கேட்கிறேன்.

அன்று தோற்ற அந்த உயரமான பெண்ணும் வந்திருந்தாள். “பிரிச்சிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்க்கா. ஆனா விலாவுல அடி வுழுந்துகினே இருந்துச்சு. எப்படிப் பிரிப்பாரு?” என்றாள். சங்கத்தில் ஒருவருக்கும் வராத வார்த்தை தோற்றவள் வாயிலிருந்து வந்தது. முதல் நன்றி அவளுக்கு.

மருத்துவமனையில் அண்ணனைத் தூக்கி உட்காரவைத்த செவிலியர்களுக்கும், வாரம் தவறாமல் வண்டி கொண்டுவந்த படூர் ஓட்டுநர் நண்பர்களுக்கும், இரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், அண்ணியைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சங்கத்தாருக்கு நன்றி இல்லை. இந்த மலரின் ஒரு பிரதியை அவர்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அவர்கள் கோப்பில் உள்ள கடிதத்தோடு இதையும் சேர்த்து வைக்கட்டும்: அந்தக் கடிதத்தில் கையெழுத்து மட்டுமே அண்ணனுடையது. வாசகம் முழுக்க என்னுடையது. அண்ணன் தவறு செய்யவில்லை. செய்தவள் நான்.