வீராசாமி வீட்டுக் கடிகாரம்

ஊரே சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், தேவமலர் சோம்பேறி அல்ல. மலேசியாவில், சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் அவள் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த காலத்தில், விடியுமுன்னே பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஒருநாளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. அம்மா இருசம்மாள் அலாரத்தைத் தகர வாளிக்குள் வைத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் எழுந்தார்கள்.

"அப்பனும் மகளும் சரியான தூங்குமூஞ்சிங்க" என்று கத்துவாள். அப்பா வீராசாமி கண்ணைக் கசக்கிக்கொண்டே பால்வெட்டுக் கத்தியைத் தேடுவார். ஆயுசு முழுக்க அரைத்தூக்கத்தில் மரம் வெட்டி, பட்டையைக் காயப்படுத்தி, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் திட்டு வாங்கியவர் அவர்.

தொண்ணூற்று நாலில் ஆயர் குரோ தொழிற்சாலை பஸ் தோட்டத்துக்குள் வந்தது. யாரும் சீந்தாத நைட் ஷிப்டை மலர் கேட்டு வாங்கினாள். கொட்டாவிகூட விடாமல் வேலை செய்தாள். ஆச்சரியப்பட்ட தொழிற்சாலை டாக்டரிடம் அப்பா கதையையும் சொன்னாள்.

"உடம்புக்குள்ளயும் ஒரு கடிகாரம் ஓடுதும்மா. சில குடும்பத்துல அது லேட்டாத்தான் ஓடும். ரத்தத்துலயே வர்றது, சோம்பேறித்தனம் இல்ல லா" என்றார் அவர்.

காலையில் வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே அப்பாவிடம் சொன்னாள். வேலையை விட்ட பிறகும் அம்மா வைக்கும் அலாரத்துக்குப் பெரட்டு நேரத்துக்கே எழுந்து, கண் செருக உட்கார்ந்திருந்தார் அவர்.

"அப்போ எம்மேல தப்பில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மலர் வேலை முடிந்து வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அம்மா அலாரத்தைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"செருப்பைச் சத்தம் போடாம கழட்டு" என்றாள். "ஒங்கப்பா தூங்குறாரு."