வெனிசைப் பார்க்காத வெனிஸ்காரன்

போகாத ஊருக்கு வழி சொல்லத் தெரியாதவன் ட்ராவல் ஏஜென்சியில் ஒரு கிழமைகூட நின்றுபிடிக்க மாட்டான். தொண்ணூறுகளின் நடுவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசா மூலையில், நகைக்கடைக்கும் வீடியோக்கடைக்கும் இடையில் இருந்த ஏஜென்சியில் நான் நாலு வருடம் நின்றுபிடித்தேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்தே வாய் நொந்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

அப்போது யுத்தத்துக்குத் தப்பி வந்த எங்கள் சனம் கனேடியப் பாஸ்போர்ட் எடுத்த கையோடு சகோதரங்களைப் பார்க்க சூரிச்சுக்கும் பாரிசுக்கும் பறந்துகொண்டிருந்தது. "அவ்வளவு தூரம் போறியள், சூரிச்சிலையிருந்து பஸ்ஸிலை வெனிசையும் ஒருக்காப் பாத்திட்டு வாங்கோவன்" என்று சொல்லி, அதையும் டிக்கெட்டோடு சேர்த்துவிடுவது என் வேலை. எங்கள் சுவரில் வெனிஸ் போஸ்டர் ஒன்று இருந்தது. தெரு இருக்கவேண்டிய இடத்தில் வாய்க்கால், வாசற்படிவரைக்கும் தண்ணீர், அதன் நடுவில் ஒன்றுமே நடக்காதது போல நிற்கும் மாளிகைகள். மனிதன் இப்படியும் ஒரு ஊர் கட்டுவானா என்று அதைக் கண்ட நாளிலிருந்து எனக்கு ஒரே பைத்தியம். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்து படித்தேன். போய் வந்தவர்களைப் பிடித்து இருத்தி, ஒவ்வொரு பாலமாகக் கேட்டு அறிந்தேன்.

ஆனால் நான் போனதில்லை. என் அகதிக் கேஸ் முடியவில்லை. வெளியே போனால் திரும்பி வர விடமாட்டார்கள். இந்த விஷயம் கவுண்டரைத் தாண்டக்கூடாது என்பது முதலாளி அண்ணையின் கட்டளை. "போகேல்லை எண்டு ஒருக்காச் சொன்னீரோ, பிறகு வேறை வேலை தேடும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

சப்பாத்து

மல்வேர்னிலிருந்து கந்தசாமி அண்ணை குடும்பத்தோடு போனார், ஆறு பேர். "தம்பி, அந்தப் பெரிய தேவாலயத்துக்குள்ளை எப்பிடிப் போறது?" என்று கேட்டார். தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். நானோ பத்துத் தரம் போய் வந்தவன்போல, "எங்கடை கோயிலுக்குப் போறமாதிரித்தான் அண்ணை" என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் சென்ற் மார்க் தேவாலய வாசலில் ஆறு சோடி சப்பாத்தையும் கழற்றி, வரிசையாக அடுக்கிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போயிருக்கிறார்கள். அது ஏப்ரல் மாதம், தரை முழுக்கக் கல். வெளியே வந்தபோது ஆறு சோடி எட்டாகியிருந்ததாம். யாரோ இரண்டு வெள்ளைக்காரர் இதுதான் இங்கே முறையாக்கும் என்று தங்களுடையதையும் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கந்தசாமி அண்ணை கடைக்குள் நுழைந்தபோது, இன்றைக்கு எனக்கு அர்ச்சனைதான் என்று நினைத்தேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு ஆறுதலாக இருந்தார். "கால் விறைச்சுப் போச்சுதடா தம்பி. ஆனா நிமிந்து பாத்தா முகடு முழுக்கத் தங்கம். சப்பாத்தோடை நிண்டு பாக்கிற இடமே அது?"

பேஸ்மென்ட்

தியாகு அண்ணைக்கு ஸ்காபரோவில் மூன்று வீடு. மூன்றின் பேஸ்மென்டிலும் வாடகைக்கு ஆட்கள். எந்த ஊர்ப் படத்தைக் காட்டினாலும் அவருக்குக் கண் போவது சுவருக்கும் கூரைக்கும்தான். "உது தண்ணிக்குள்ளை எப்பிடி நிக்குது?" என்று போஸ்டரைக் காட்டிக் கேட்டார். மரக்குற்றிகளைச் சேற்றுக்குள் நெருக்கி இறுக்கி, அதற்குமேல் கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றேன். "மரமோ? உக்கிப் போகாதே? ஆருக்கு விடுறீர் கதை?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

போய் வந்தவரிடம் அந்தச் சிரிப்பு இல்லை. எல்லோரும் பார்க்கப் போகும் பழைய அரசமாளிகைக்கு அவர் போகவேயில்லை. படகு பஸ்ஸில் ஏறிப் பெரிய வாய்க்காலின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை மூன்று தரம் போய், இரண்டு கரையிலும் வீடுகளின் அடியை மட்டும் பார்த்திருக்கிறார். மனுசி கோபித்துக்கொண்டு இறங்கிப் போனாவாம். அதைக்கூடப் பெருமையாகத்தான் சொன்னார். "தம்பி, ஒரு மழை பெய்தா என்ரை பேஸ்மென்ட் ஒழுகுது. அவங்கள் எத்தினை நூறு வருசமாக் கடலுக்கை நிக்கிறாங்கள்! உந்த வேலை செய்த கொன்ராக்டரின்ரை பரம்பரையிலை ஆரும் மிச்சம் இருக்கினமோ?"

வீடியோ

மோர்னிங்சைட்டில் இருந்த சிவா புதுசாக வீடியோக் கமெரா வாங்கிக்கொண்டு போனான். இரண்டு மணித்தியால டேப். அவன் கையைக் காலைப் பிடித்து அதை வாங்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடை டிவியில் போட்டேன். கடைசியில் வெனிசைப் பார்க்கப்போகிறேன் என்று சாப்பாட்டைத் திறக்காமலே டிவிக்கு முன்னால் இருந்துவிட்டேன்.

றியால்ட்டோ பாலம் என்று சிவாவின் குரல் சொல்லும், திரை முழுக்க அவன் மனைவி மாலாவின் சேலைக்கரை தெரியும். சதுக்கத்துப் புறாக்கள் என்பான், சூரிச்சிலிருந்து கூடப் போன மச்சான் பல்லைக் காட்டுவார். ஓரிடத்தில் கமெராவை நிறுத்த மறந்து கரையோர வாங்குப் பலகையில் வைத்திருக்கிறார்கள். நாலு நிமிடம் ஒருவரும் இல்லை. சரிந்தபடி ஒரு வாய்க்கால், பச்சைத் தண்ணீர், பழைய சிவப்புச் சுவர், சத்தமில்லாமல் கடந்து போகும் ஒரு கறுத்தப் படகு. கழுத்தைச் சரித்து வைத்துக்கொண்டு அந்த நாலு நிமிடத்தையும் ஐந்து தரம் பார்த்தேன். சாப்பாடு ஆறிப் போனது. டேப்பைத் திருப்பிக் கொடுத்தபோது, ஊரை எடுக்காமல் விட்டுவிட்டாயே என்று சிவாவைக் கொஞ்சம் கடிந்துகொண்டேன். "ஊர் எங்கையண்ணை ஓடப்போகுது? நாங்கள் அங்கை நிண்டனாங்கள் எண்டதுக்கெல்லோ சாட்சி வேணும்!"

மணி

பவளம் அக்காவுக்கு ஒஷாவாவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. வெனிசுக்குத் தனியாகப் போக டிக்கெட் எடுக்க வந்தா. நான் வழமைபோல அளக்கத் தொடங்கினேன். சதுக்கத்து மணிக்கூட்டுக் கோபுரத்து உச்சியில் இரண்டு வெண்கல ஆட்கள், மணிக்கு மணி சுத்தியலால் அடிப்பார்கள், ஒருவன் நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி, மற்றவன் கொஞ்சம் பிந்தி என்று சொல்லிக்கொண்டு போனேன். அவ கையைக் காட்டி நிறுத்தினா. "நீர் போனனீரோ?"

நான் சிரித்து மழுப்பினேன். "தம்பி, மற்றப் பயணமெல்லாம் நான் உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடினது. ஆசைப்பட்டுப் போறது இதுதான் முதல் தரம். பொய் சொல்லாதையும்." அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லை அக்கா என்று, கேஸ் விஷயம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பின்னறையில் முதலாளி அண்ணையின் டைப் சத்தம் நின்றது. அக்கா டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போனா. முதலாளி அண்ணை வெளியே வந்தார். "அவ போற இடத்திலை ஒரு குறை கண்டா, அடுத்த நாள் நீர் இஞ்சை இல்லை."

மூன்றாம் கிழமை, காலை பத்து மணிக்குக் கொஞ்சம் முந்தி போன் அடித்தது. முதலாளி அண்ணைதான் எடுத்தார். "வெனிசிலையிருந்து அவதான்" என்று முகம் கறுத்து என்னிடம் நீட்டினார். ஊருக்குப் போய்ச் சேர்ந்த கையோடு முறைப்பாடா, வேலை போனது என்றே நினைத்தேன். "தம்பி, கதையாதையும். போன் கார்ட் முடியப்போகுது. கேளும்" என்றா அக்கா. போனை வெளியே நீட்டிப் பிடித்திருக்கவேண்டும். சனத்தின் இரைச்சல், புறாக்களின் படபடப்பு, பிறகு அது. அங்கே பின்னேரம் நாலு மணி, நாலு அடி. கடலுக்கு அப்பால் நடக்கிறது என்று நம்பமுடியாதபடி கிட்டவாக, கனமாக. முதலாளி அண்ணையும் குனிந்து என் காதோடு காதை வைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணை பார்க்கிறாரே என்ற வெட்கம்கூட வரவில்லை.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். "பொறும், மற்றவன் இன்னும் அடிக்கேல்லை" என்றா. கார்ட் முடிந்துவிடுமோ என்று மூன்று பேரும் காத்து நின்றோம். நிமிடம் நகரவே மாட்டேன் என்றது. திரும்பவும் நாலு அடி விழுந்தது. "நீர் சொன்னதிலை ஒரு எழுத்துப் பிசகேல்லை, தம்பி. இனி ஆரும் கேட்டா, நான் பாக்கேல்லை, ஆனா அந்த மணி என்ரை காதிலை விழுந்தது எண்டு சொல்லும். அது பொய்யில்லை."

அன்றிலிருந்து வெனிஸ் என்று வாசலில் கேட்டவர்களுக்கெல்லாம் "உவர் போகாத ஆள், ஆனா சொன்னா ஒரு எழுத்துப் பிசகாது, உவரிட்டையே கேளுங்கோ" என்று முதலாளி அண்ணையே என்னைக் காட்டத் தொடங்கியதால், ஒரு ஊரைப் பார்க்காததற்காகவே வேலையில் நிலைத்தவன் இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.