காட்டுமாட்டுக்குப் போட்ட வேலி

வில்பட்டியில் எங்கள் காரட் தோட்டத்தை ஒட்டி இரண்டு அறை கட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறோம். போன சீசனில் ஈஸ்டர் தீவுக்காரி ஒருத்தி வந்து தங்கினாள். கடலைப் பார்க்காமல் திரும்பி நிற்கிற பெரிய பெரிய கல் சிலைகள் இருக்குமே, அந்தத் தீவு. ஒரு நாள் காலையில் வாசலில் காபி குடித்தபடி அவள் அப்பா காலத்துக் கதையைச் சொன்னாள். அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, நான் அதை என் வீட்டுக்காரருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நான் மிஷன் ஸ்கூலில் படித்தவள், எனக்கு இங்கிலீஷ் தடுக்காது.

சிலி நாட்டு அரசாங்கம் தீவைத் தன்னுடையது என்றதாம். பிறகு முக்கால்வாசித் தீவு ஆடு வளர்க்கிற கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஜனங்களை ஒரே ஊருக்குள் அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். வெளியே காலெடுத்து வைக்க அனுமதி கேட்க வேண்டும்.

"அடப்பாவிகளா! சொந்த மண்ணுல நடக்குறதுக்கு இவனுககிட்டக் கேக்கணுமா? நானா இருந்தா மொத நாளே அந்தச் சுவத்த இடிச்சுத் தள்ளிருப்பேன்" என்று கொதித்தேன். வாய்ச்சவடாலுக்கு எனக்கு எப்போதும் குறைச்சல் கிடையாது.

அப்போது தோட்டத்துக் கோடியிலிருந்து குரல் கேட்டது. "அக்கா, கேட்டைத் தொறந்து விடுங்கக்கா."

அந்தப் பக்கம் இருப்பவை சிலோன் எஸ்டேட்டிலிருந்து திரும்பி வந்தவர்களின் வரிசை வீடுகள்; லயம் என்பார்கள். நாங்கள் இந்த நிலத்தை வாங்குவதற்கு முன்பிருந்தே, அவர்கள் பஸ்ஸுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை இதன் நடுவில்தான் கிடந்தது. காட்டுமாடு இறங்கி மேய்கிறது என்று கம்பிவேலி போட்டோம். வேலிக்குக் கேட்டு, கேட்டுக்குப் பூட்டு, சாவி என் இடுப்பில்.

இறங்கிப் போனேன். விருந்தாளியும் பின்னாலேயே வந்தாள். கேட்டுக்கு அப்பால் லயத்துப் பெண் ஒருத்தி காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"வெள்ளனே வந்துட்டேங்க்கா. கூப்புட்டுப் பாத்தேன், நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க. மொத பஸ்ஸு போயிருச்சு. அடுத்ததுல ஏறுனாத்தான் ஆஸ்பத்திரில சீட்டுக் குடுப்பாங்க." பிறகு தயங்கித் தயங்கி, "லயத்துப் பக்கம் ஒரு சாவி குடுத்து வச்சீங்கன்னா ஒங்களுக்கும் தொந்தரவு இல்லைங்களே" என்றாள்.

"வீட்டுக்காரர்கிட்டச் சொல்றேன்" என்றேன். எப்போதும் சொல்கிற பதில்தான். வீட்டுக்காரர் மேலே காபி குடித்துக்கொண்டுதான் இருந்தார்.

கேட்டைத் திறந்தேன். "ரொம்ப நன்றிங்க்கா, நல்லா இருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அந்த நன்றியைக் கேட்டு எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அவள் என்ன கேட்டாள்?" என்றாள் விருந்தாளி.

அதுவரை கடகடவென்று மொழிபெயர்த்த எனக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, பழக்க தோஷத்தில், என் கை கேட்டைப் பூட்டியது.