எடைக்கல் காரில்தான் போவார்

ஆலைகளிலும் கிடங்குகளிலும் இருக்கும் பெரிய தராசுகளைச் சோதித்துச் சரிசெய்வது அவர் வேலை. ஆனால் எடைக்கல் என்ற பட்டப்பெயர் வேலையால் வந்ததில்லை, வாயால் வந்தது. சின்ன வயதிலிருந்தே திக்குவாய், நாக்கில் எடைக்கல்லைக் கட்டின மாதிரி. ஒரு சொல்லை இழுத்துப் பிடித்து வெளியே கொண்டுவருவதற்குள் எதிரில் இருப்பவர் தானே அதை முடித்துவிடுவார், பெரும்பாலும் தப்பாக. திருத்த இன்னொரு சொல் வேண்டுமே என்று இவரும் தலையாட்டிவிடுவார். அப்படித் தலையாட்டியே பிடிக்காத நிறத்தில் சட்டை போட்டார். பிடிக்காத பேட்டையில் வீடு வாங்கினார்.

ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி வேலை வந்தாலும் விமானம் வேண்டாம், காரில் போகிறேன் என்று எழுதிக் கொடுப்பார். பறப்பது ஒரு மணி. விமான நிலையம் போக ஒன்றரை, அங்கே காத்துக் கிடக்க இரண்டு, பெட்டிக்கு முக்கால், இறங்கி ஆலைக்குப் போக இரண்டரை. காருக்கு எட்டு. வித்தியாசம் கால் மணிதான். கணக்கு சுத்தம். காரணம்தான் பொய்.

காரில் தனியாக இருந்தால் அவருக்குத் திக்காது. ஊர் எல்லை தாண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் மடை திறந்த மாதிரி கொட்டும். காலையில் மனைவிக்குச் சொல்ல முடியாத பதில், போன வருஷம் மச்சினனுக்குக் கொடுத்திருக்க வேண்டிய சூடு, எல்லாம் அங்கேதான் வெளியே வரும். அந்த எட்டு மணி நேரம்தான் அவர் முழு மனிதர்.

புது மேனேஜருக்கு இது பொறுக்கவில்லை. “ஊரே பறக்குது, நீ மட்டும் ஏன்யா உருளுற?”

“வி... வி...”

“விக்கலா? தண்ணி குடிய்யா.” எல்லோரும் சிரித்தார்கள். “போட்டி வெச்சுக்கலாம். நாளைக்கு ஆறு மணிக்கு நான் பிளேனுக்குக் கிளம்புறேன், நீ கார்ல கிளம்பு. ஆலை வாசலுக்கு நீ பிந்தினா இனிமே பிளேன்தான்.”

வழியில் தில்லுமுல்லு கூடாது என்று முன்கண்ணாடியில் ஒரு கேமராவையும் ஒட்டினார். “ரோட்டை மட்டும்தான் பார்க்கும்.”

எடைக்கல் எதையும் சோதிக்காமல் விடுகிறவர் இல்லை. லென்ஸ் வெளியேதான் பார்க்கிறதா என்று குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். அடியில் குண்டூசித் தலை அளவு ஓட்டை ஒன்று இருந்தது. திருகு விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டார். கண்ணால் தராசு முள்ளைப் பார்த்தே பழகியவருக்குக் கேமராவுக்குக் காதும் இருக்கும் என்ற நினைவு வரவில்லை.

பெட்ரோலுக்கு ஒரு தடவைதான் நிறுத்தினார். பதினொரு நிமிஷம் முந்தினார். மேனேஜர் கை குலுக்கினார்.

மூன்றாம் நாள் அலுவலகத்துப் பெரிய திரையில் சாலை ஓடியது. கூடவே குரல், கணீரென்று: “ஏன்டா மேனேஜரே, உன் மூளையைத் தட்டுல வெச்சா முள்ளு அசையுமாடா?”

அறையே அதிர்ந்தது. அதிகம் சிரித்தவர் மேனேஜர்தான். “அடப்பாவி, இத்தனை வருஷமா நடிச்சிருக்கியேய்யா!”

“ந... ந...”

“பாருங்க, இன்னும் நடிக்கிறான்! ஜெயிச்சது நீதான்யா, ஒத்துக்கிறேன். ஆனா கம்பெனி காரை மேடையாக்கினே பாரு, அதுக்காக இனிமே பிளேன்தான்.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மனைவி சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ அனுப்பியிருந்தார்கள். அவளைப் பற்றி அன்றைக்குக் காரில் அரை மணி நேரம் பேசியிருந்தார். கடைசியில், நீ இல்லாவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்றும் சொல்லியிருந்தார். அனுப்பியவர் அதை வெட்டிவிட்டு ஏச்சை மட்டும் அனுப்பியிருந்தார்.

“பத்தொன்பது வருஷம் உங்க பேச்சையும் சேர்த்து நானே பேசினேன். என்கிட்ட பேசத்தான் உங்களுக்குத் திக்குச்சா?”

“இ... இ...”

வழக்கமாக அவளே முடித்துக் கொடுப்பாள். இன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம். இரண்டு. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. சொல் வரவில்லை.

அவள் போனை அவர் பக்கம் தள்ளினாள். “ஆபீஸ்லேர்ந்து உங்க பிளேன் டிக்கெட்டையும் இதுக்கே அனுப்பியிருக்காங்க. நடு சீட்டாம். ரெண்டு பக்கமும் ஆள் இருக்கும், நல்லா பேசிட்டுப் போங்க.”