நான் வெட்டிய கை

நான் ஒரு மனிதரை வெட்டியிருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோரைப்பாய் நெய்து பிழைத்துக்கொண்டிருந்தேன்.

கும்பகோணத்துக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டியது எங்கள் ஊர். பாய் நெய்கிறவர்கள், கூடை முடைகிறவர்கள், கூலிக்கு நடவு நடுகிறவர்கள், ஒரு கொல்லர் என்று இருபது குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். ஆட்சி மாறி, உழுகிறவர் பெயரைக் குத்தகைப் பதிவில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அந்தத் தெம்பில் கோயில் நிலம் ஆறு ஏக்கரைச் சங்கத்தின் பேரில் கேட்டோம், கிடைத்தது. அதுவரை தன் சமையல்காரர் பெயரில் அந்த நிலத்தை அனுபவித்து வந்தவர் ஊர் மிராசுதார். சட்டம் வந்ததும் அவர் ஜரிகை வேட்டியை மாற்றிக் கட்சிக்கரை வேட்டி கட்டிக்கொண்டார். நிலத்தை விடத்தான் மனம் வரவில்லை.

வயலுக்கு மருந்து அடிக்கக் கூடாது என்பது சங்கத்துக் கட்டுப்பாடு. அதில் பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. மருந்துத் தண்ணீர் வடிந்தால் வாய்க்கால் கரையில் கோரை கருகும். கோரை போனால் பாய் ஏது? எருவும் தழையும் போட்டுச் சீரகச் சம்பா நட்டோம். களை பறித்த பெண்களுக்குக் கொல்லர், கதிர் அறுக்கவென்று, ஆளுக்கொரு கருக்கரிவாள் அடித்துக் கொடுத்தார்.

தை மாதம் கதிர் முற்றியது. அறுப்புக்கு இறங்கிய அன்று, வெயில் ஏறுகிற நேரத்தில், இரண்டு லாரிகளில் ஆட்கள் வந்தார்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கூலியாட்கள், கையில் அரிவாள். கூடவே தடியோடு ஒரு பத்துப் பேர். மிராசுதார் வரப்பில் குடை பிடித்து நின்றார்.

"எல்லாரும் வயலை விட்டு ஏறுங்கடி!"

கொல்லர்தான் எங்கள் சங்கத் தலைவர். முன்னால் போய், மடியிலிருந்து காகிதத்தை எடுத்தார். "தாலுகா ஆபீஸ்ல பதிஞ்ச காயிதங்க. பாத்துட்டுப் பேசுங்க" என்றார்.

காகிதம் பிடித்த வலது கையில் ஒருவன் தடியால் அடித்தான். கரும்பை ஒடித்த மாதிரி சத்தம் கேட்டது. கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. என் நாத்தனாரைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துச் சேற்றில் மிதித்தார்கள். அவள் வாயிலிருந்து சேறும் ரத்தமுமாக வந்தது. மேட்டில் எங்கள் தறிக் கொட்டகையில் நெருப்பு வைத்தார்கள். காய்ந்த கோரை ஒரே மூச்சில் எரிந்தது.

அந்தப் புகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். என் அருகே ஒருவர் குனிந்து எங்கள் கதிரை அறுத்துக்கொண்டிருந்தார். அவர் யாரையும் அடிக்கவில்லை. தலையைக் கூட நிமிர்த்தவில்லை. கதிரைப் பிடித்திருந்த அவருடைய வலது மணிக்கட்டில் அரிவாளைப் போட்டு இழுத்தேன். அவர் இடது கையால் அறுக்கிறவர் என்பது அப்போது என் மனதில் பதியவில்லை. ரத்தம் என் முகத்தில் அடித்தது. அந்த நொடியில் எனக்குப் பயமில்லை, சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அறுத்த நெல்லை அவர்கள் லாரியில் ஏற்றிப் போனார்கள். சாயங்காலம் போலீஸ் வந்து கொல்லரைக் கூட்டிப்போனது. வெட்டியது அவர்தான் என்று மிராசுதார் புகார் கொடுத்திருந்தார். மறுநாள் நான் ஸ்டேஷனுக்குப் போனேன்.

"வெட்டினது நான்தாங்க. அவரை விட்டுருங்க."

எஸ்.ஐ. சிரித்தார். "தலைவன் வெட்டினான்னுதான் புகார். பொம்பளை வெட்டினாள்னு எழுதினா புகார் குடுத்தவருக்குத்தான் கேவலம். போம்மா, போய்ப் பாயை நெய்."

கொல்லர் உடைந்த கையோடு இரண்டு மாதம் உள்ளே இருந்தார். விசாரணை வந்தபோது, வெட்டுப்பட்டவரைக் கூண்டில் ஏற்றினார்கள். மிராசுதார் பக்கம் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். அவர் கொல்லரை ஒரு முறை பார்த்தார்.

"இவரு இல்லீங்க. இவரு கை அதுக்கு முன்னாடியே ஒடிஞ்சு தொங்கிச்சு. என்னை வெட்டினது ஒரு பொம்பளை."

"யாரது?"

கூட்டத்தில் நின்ற என் முகத்தில் அவர் பார்வை நின்றது. "மொகம் ஞாபகம் இல்லீங்க" என்றார்.

கொல்லரை விட்டுவிட்டார்கள். வெளியே புளியமரத்தடியில் வெட்டுப்பட்டவரைப் பிடித்தேன். "தெரிஞ்சும் ஏன் சொல்லலைங்க?" என்றேன்.

"சொன்னா வெரல் மடங்குமா?" வலது கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் விறைத்து நின்றன. "மிராசுதார் அய்யரு நெலம், அறுப்பு இருக்கு, சோறு போடுவாங்கன்னு சொல்லித்தான் லாரியில ஏத்துனாங்க. உங்க வெள்ளாமைன்னு ஒருத்தரும் சொல்லலை. நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தாயி. வாயில்லையா ஒனக்கு?"

அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அந்த வருஷ விளைச்சல் போனது போனதுதான். ஆனால் குத்தகைப் பதிவு சங்கத்தின் பேரிலேயே இருந்தது. அடுத்த ஆடியில் அதே நிலத்தில் விதை விட்டோம், கொட்டகையையும் திரும்பக் கட்டினோம். வெட்டுப்பட்டவரால் இனி கதிரைப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும், அவரையும் அவர் மனைவியையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டேன். பாய் நெய்ய இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் அச்சை அழுத்த வேண்டும், மற்றவர் நீளக் குச்சியில் கோரையைக் கோத்துத் தள்ள வேண்டும். தள்ளுவதற்கு ஒரு கை போதும்.

நாத்தனார் எழுந்தாள். முன்பல் இரண்டு போயிருந்ததால் அவள் பேச்சு காற்றாக வந்தது. "என்னை மிதிச்ச கூட்டத்தோட வந்தவன். அவன் உள்ள வந்தா நான் வெளிய."

கொல்லர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "வரட்டும்" என்றார்.

அவர்கள் வந்தார்கள். என் தறிக்கு அடுத்த தறியில் அவர் இடது கையால் கோரை தள்ள, அவர் மனைவி அச்சு அழுத்தினாள். நாத்தனார் தன் தறியைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள். சாகிற வரை என்னோடு பேசவில்லை.