விருந்தாளி வந்தால் வரும் புருஷன்

சைக்கிளில் ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு அவள் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். மறுநாள் காலையில் மலையேற்றம். அவர்களை அனுப்பிவைக்கும் டூர் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் 'அன்பான தம்பதியின் கிராமத்து வீடு' என்று போட்டிருந்தார்கள். அந்தத் தம்பதி பிரிந்து ஒரு வருஷமாகிறது. விஷயம் வெளியே தெரிந்தால் இரண்டு பேர் பிழைப்பிலும் மண். அதனால் டவுனில் சைக்கிள் கடை மாடியில் தனியாகக் கிடக்கும் புருஷன், விருந்தாளி வருகிற அன்று மட்டும் கைடாக அவர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவான்.

அவன் யாரோடும் ஓடிப்போகவில்லை. "உன்னோட இருந்தா மூச்சு முட்டுது" என்று சொல்லிவிட்டுப் போனான், அவ்வளவுதான். இன்னொருத்தி இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்து உலுக்கியிருப்பாள். மூச்சு முட்டுவதை எதைப் பிடித்து உலுக்குவது?

ஆனால் விருந்தாளிகளோடு வந்துவிட்டால் ஆளே வேறு. சைக்கிளைச் சுவரில் சாய்த்த கையோடு, "மேனேஜர்! பசி உயிர் போகுது!" என்று வாசலிலேயே சத்தம் போடுவான். கல்யாணமான புதிதில் அவளுக்கு வைத்த பேர் அது. சாப்பிடும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் சூப்பில் உப்புக்குப் பதில் சர்க்கரையைக் கொட்டிய கதையை எடுத்துவிடுவான். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "போதும், மானத்தை வாங்காதீங்க" என்பாள் அவள். படுக்கிற நேரம் வந்தால் போர்வையைச் சுருட்டிக்கொண்டு சாமான் அறைக்குப் போய்விடுவான். எல்லாம் நடிப்பு என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பாழாய்ப்போன மனசு, கம்பெனியிலிருந்து போன் வந்தாலே துள்ளிக் குதிக்கும்.

போன தடவை வந்தவர்களில் ஒரு புதுப்பெண், "அண்ணா, அக்காவை எப்படிப் பிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"மேட்டுல இவ சைக்கிள் செயின் கழண்டுபோச்சு. மாட்டிவிட்டேன். தப்பா மாட்டினேன்னு என்னையே திட்டினா. இவதான்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு" என்றான். சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது. அவள் கவனித்துவிட்டாள். அன்று அவளுக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் மலையிலிருந்து இறங்கி எல்லோரும் கிளம்பிப் போனதும், "இன்னைக்கு இருந்துட்டுப் போங்களேன்" என்றாள்.

அவன் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். "அடுத்த குரூப்புக்கு வேற கைடு வருவான். நான் வரல. கேட்டா, வேலையா வெளியூர் போயிருக்கார்னு சொல்லிடு."

"ஏன்? நேத்து நீங்க பேசினது நடிப்பு இல்லையே?"

"இல்லதான். செயின் மாட்டின அன்னைக்கு அது நிஜம். இப்போ இல்ல. நீ நம்பிட்ட. உன் மூஞ்சியைப் பார்த்தேன். இதுக்கு மேலயும் வந்தா அது பாவம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் இரக்கப்பட்டுவிட்டான்.

அடுத்த குரூப் வந்தது. தட்டு வைக்க உதவிய ஒரு பெரியம்மா, "வீட்டுக்காரர் எங்கம்மா? ஜோக்கெல்லாம் சொல்வாராமே?" என்று ஆசையாகக் கேட்டார்.

வேலையா வெளியூர். இரண்டே வார்த்தை, நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் பிழைப்பு ஓடியிருக்கும்.

"அவருக்கு என்னைப் பிடிக்கலம்மா" என்றாள். "விட்டுட்டுப் போயிட்டாரு."

ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாதது அது. முன்பின் தெரியாத அந்த அம்மாவின் வியர்வை காயாத சட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள்.