கேக்குக்குக் குளிர், ரேலீனுக்கு வெயில்

வின்டன் ஊரில் கார் ஏசி படுத்துவிட்டால் கடவுளுக்கு முன்னால் ரேலீன் ஹாஸ்கிங்ஸைத்தான் கூப்பிடுவார்கள். கடவுள் வருவாரோ மாட்டாரோ, ரேலீன் திட்டிக்கொண்டாவது வந்துவிடுவாள். வயது ஐம்பத்தெட்டு. ஏசிக்குக் காஸ் ஏற்றுவதற்கு லைசென்ஸ் வைத்திருக்கிற ஒரே ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருபது வருஷமாக அவள்தான். ஆனால் அவளுடைய சொந்தப் பிக்கப்பில் ஏசி ஓடி ஆறு வருஷமாகிறது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. கேட்டால், "எனக்கு எங்கய்யா நேரம்?" என்று எரிந்துவிழுவாள்.

நவம்பர் மாதம், அந்த ஊரில் அதுதான் கோடை. சனிக்கிழமை, காலை ஆறு மணி. அதற்குள்ளேயே வெயில் மண்டையைப் பிளந்தது. ஷெட் வாசலில் மெர்வ் நின்றான். பண்ணைகளுக்கு வேலி போடுகிறவன், அறுபத்தாறு வயது, கை இரண்டும் கட்டை கட்டையாக இருக்கும். அந்தக் கையால்தான் மகள் டனீலின் கல்யாணத்துக்கு மூன்றடுக்கு கேக் செய்திருந்தான், வெண்ணெய்க் கிரீம் பூசி, ரோஜாப்பூ வைத்து! கேக் மதுக்கடையின் குளிரறையில் பீர்ப் பீப்பாய்களுக்கு நடுவே இருந்தது. கல்யாணம் மூன்று மணிக்கு, நூற்றி எண்பது கிலோமீட்டர் தள்ளி லாங்ரீச்சில். வண்டியிலோ ஏசியை ஓட்டுகிற கம்ப்ரஸர் இறுகிப்போய்க் கிடந்தது.

"வேற வண்டி ஏதாவது இரவல் வாங்கிட்டுப் போயேன்யா," என்றாள் ரேலீன், பானெட்டைத் தூக்கிக்கொண்டே.

"பாதி ஊர் நேத்தே கிளம்பிடுச்சு. அதுவுமில்லாம, கேக் ஆடாம நிக்கணும்னு என் வண்டியில ஸ்டாண்டு அடிச்சு போல்ட் போட்டிருக்கேன். வேற எதுலயும் நிமிர்ந்து நிக்காது."

"கேக்குக்கும் வேலி போட்டுட்டியா? சரிதான்."

மெர்வ் சிரிக்கவில்லை. "டனீலோட பத்தாவது பொறந்தநாளுக்குக் கடையில கேக் வாங்கிட்டு வந்தேன் ரேலீன். வழியில உருகி சீட்டெல்லாம் வழிஞ்சிடுச்சு. மெழுகுவத்தி நிக்கவே இல்ல. புள்ள அழல, ஸ்பூன எடுத்துட்டு வந்து சீட்ல இருந்தே சாப்பிட்டா. இருபது வருஷமா அதைச் சொல்லிச் சிரிக்கிறா. இந்த ஒண்ணாவது நிக்கணும்."

ரேலீன் அதற்கப்புறம் கிண்டல் செய்யவில்லை. 

முதலில் பழைய காஸை மெஷினில் இழுத்தாள். பெல்ட்டைக் கழற்றி, நாலு போல்ட்டை எடுத்து, பழைய கம்ப்ரஸரை இறக்கிக் கவிழ்த்தாள். மை மாதிரி எண்ணெய் ஊற்றியது, அதில் இரும்புத் தூள் மினுமினுத்தது. "பாரு, தன்னையே தின்னிருக்கு," என்றாள். குழாய்களை மருந்து விட்டுக் கழுவி, ஈரத்தை உறிஞ்சுகிற டிரையரை மாற்றி, டவுன்ஸ்வில் நகரத்திலிருந்து முன்னாலேயே வரவழைத்திருந்த புதுக் கம்ப்ரஸரில் எண்ணெயை அளந்து ஊற்றி முறுக்கினாள். பிறகு உள்ளே இருந்த காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டு, அரைமணி நேரம் கேஜ் முள் அசைகிறதா என்று உட்கார்ந்து பார்த்தாள். அசையவில்லை, கசிவும் இல்லை. அந்த அரைமணிக்குள் மெர்வ் பதினேழு தடவை கடிகாரம் பார்த்தான்.

பதினொரு மணிக்கு அறுநூறு கிராம் காஸ், தராசு வைத்த மாதிரி ஏற்றி ஸ்டார்ட் செய்தாள். உள்ளே ஜில்லென்று காற்று வீசியது. மெர்வ் தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் வீசினான்.

"தொப்பியை எடுத்துத் தலையில வை," என்றாள் ரேலீன். அவள் கண் அழுத்தம் காட்டுகிற சிவப்புக் கேஜ் மேல் இருந்தது. வண்டி நின்ற இடத்தில் ஓட ஓட முள் ஏறிக்கொண்டே போனது. இப்படியே விட்டால் ஐம்பது கிலோமீட்டரில் இதுவும் பழையதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்.

"காஸ் ஜாஸ்தியாயிடுச்சோ?"

"என் கணக்கு தப்பாது." தண்ணீர்க் குழாயை எடுத்து வண்டியின் மூக்கில் பீய்ச்சினாள். முள் சடாரென்று இறங்கியது. நிறுத்தினாள், மறுபடி ஏறியது. "அடப்பாவி! காத்துதான்யா போகல!"

முகப்பில் வெட்டுக்கிளி, புல்விதை போகாமல் இருக்க எல்லாரையும் போல மெர்வும் வலை கட்டியிருந்தான். சுத்தமான வலை, காலையில்தான் கழுவியிருந்தான். அதைப் பார்த்து ரேலீனும் ஏமாந்திருந்தாள். இப்போது முகப்புக் கம்பியைக் கழற்றி உள்ளே கைவிட்டாள். அங்கே இன்னொரு வலை. போன வருஷ வெட்டுக்கிளிகள் மெத்தை போல அப்பிக்கிடந்தன.

"இது என்ன மெர்வ், கொசுவலையா?"

மெர்வ் தலையைச் சொறிந்தான். "போன வருஷம் வெட்டுக்கிளி கூட்டமா வந்தப்ப கட்டினது. மறந்துட்டு அது மேலயே..."

"மனுஷனா நீ? மூக்கைப் பொத்திக்கிட்டு அதை ஓடச் சொன்னா அது சாகாம என்ன பண்ணும்? புதுசையும் கொன்னிருப்ப!" இரண்டு வலையையும் பிய்த்து எறிந்தாள். முள் இருக்கவேண்டிய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கேக் ஏறியது. வழியில் ஏதாவது ஆனால் என்று ரேலீன் தன் பிக்கப்பில் ஜன்னலை இறக்கிவிட்டுப் பின்னாலேயே போனாள். நாற்பத்துமூன்று டிகிரி வெயில், முன்னால் போகிறவன் கிளப்பிய புழுதி, எல்லாம் அவளுக்குத்தான்.

லாங்ரீச் மண்டப வாசலில் மெர்வ் வண்டிக் கதவைத் திறந்தபோது டனீல் கல்யாணக் கவுனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். எட்டிப் பார்த்தாள். ஒரு ரோஜா இதழ்கூடச் சரியவில்லை.

"அப்பா... நிக்குதுப்பா!"

மெர்வ் தலையை ஆட்டினான். டனீல் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். சீட்டில் கேக் வழிந்த அன்று அழாத அழுகையும் சேர்த்து அழுதாள். அப்புறம் தோளுக்கு மேலே ரேலீனைப் பார்த்தாள். சட்டை ஒட்டி, முடி கூடு கட்டி, முகமெல்லாம் செம்மண்ணாக நின்றிருந்தாள் ரேலீன்.

"அப்பா, கேக் உருகல. ரேலீன்தான் உருகிட்டாங்க!"

செவ்வாய்க்கிழமை காலை மெர்வ் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான். புதுக் கம்ப்ரஸர், ரேலீனின் பிக்கப்புக்கு.

"இன்னிக்கு வேற வண்டி எதுவும் கிடையாது. உன்னுது மட்டும்தான். ஸ்பேனர் எடுத்துக் குடுக்க நான் இருக்கேன். நேரமில்லன்னு சொன்ன, நடக்கிறதே வேற."

ரேலீனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கப் பானெட்டைத் தூக்கி அதற்குள் தலையை விட்டாள். விட்டவள் வெளியே எடுக்கவே இல்லை. ரேடியேட்டருக்கு முன்னால் எதையோ அவசரமாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மெர்வ் எட்டிப் பார்த்தான். ஆறு வருஷத்துப் புழுதியும் வெட்டுக்கிளியும் அப்பிய ஒரு வலை.

"ரேலீன், இது என்ன, கொசுவலையா?"

"வாயை மூடிக்கிட்டு ஸ்பேனரைக் குடுய்யா," என்றாள் ரேலீன்.